கவுண்டர் திறந்தபோது பன்னிரண்டாவது ஆள்

மெயின்லேண்டிலிருந்து தீவின் ஹேடோ துறைமுகத்துக்கு வந்து இறங்கும் சரக்கைச் சரிபார்த்து எழுதுவது முருகானந்தத்தின் வேலை. உடைந்தது எத்தனை, நனைந்தது எத்தனை, வராதது எத்தனை. ஒழுங்காக வந்து சேர்ந்ததைப் பற்றி எழுதும்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருஷம் இப்படிப் பழகிய கை, தமிழர் சங்க மாத இதழுக்கு நாடக விமர்சனம் எழுதினாலும் அப்படித்தான் எழுதியது. சங்கத்தில் வேறு எவருக்கும் எழுத நேரமில்லாததால் அவரே விமர்சகர்.

சங்க நாடகம் ஒன்றில் சுகுணா என்ற பெண் ஆமையாக நடித்தபோது, "ஓட்டில் இடப்பக்கம் விரிசல். இரண்டாம் பாட்டில் சுருதி சற்று இறக்கம்" என்று எழுதினார். ராணியாக நடித்தபோது, "கிரீடம் ஒருமுறை விழுந்தது. வசனம் நான்கு வரி பற்றாக்குறை." கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து அவள் அப்பா வெள்ளைச்சாமி போன் போட்டார். "என்னங்க, பிள்ளைய சிமெண்டு மூட்டை மாதிரி எழுதிப்போட்டீங்க?"

மூன்றாவது நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு, கராச்சர்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சுகுணா பஸ் பிடித்துத் துறைமுக வாசலுக்கே வந்துவிட்டாள்.

"மாமா, சென்னையில ஒரு இசை நாடகக் குழு ஆள் எடுக்குது. அச்சுல வந்த விமர்சனம் ஒண்ணு சேர்த்து அனுப்பணுமாம். என்கிட்ட இருக்கிறது விரிசல் விட்ட ஆமையும் விழுந்த கிரீடமும்தான்."

"உள்ளதைத்தானே எழுதினேன்."

"பொய் எழுதச் சொல்லல. இந்தவாட்டி நல்லா செஞ்சேன்னா, நல்லா செஞ்சாள்னு ஒரு வரி."

"டீக் ஹை, எழுதறேன்," என்றார். ஆனால் அப்படிப்பட்ட வரி எங்கே தொடங்கும் என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் உப்புமா பிரமாதமாக இருந்தால்கூட, "உப்பு குறையல" என்றுதான் சொல்வார். அது பாராட்டு என்று அவர் மனைவி உமா மகேஸ்வரிக்குப் புரியப் பதினெட்டு வருஷம் பிடித்தது.

சனிக்கிழமை மாலை சங்க மண்டபத்தில் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தார். சுகுணா இம்முறை கப்பல் டிக்கெட் கவுண்டர் அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு, "வெதர் சரியில்லை, நாளைக்கு வாங்க" என்பதைத் தாலாட்டாகப் பாடினாள், பிறகு ஒப்பாரியாக, பிறகு கல்யாணப் பாட்டாக. தமிழே தெரியாத பெங்காலி டீக்கடைக்காரர்கூடச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சட்டென்று பாட்டை நிறுத்தினாள். கவுண்டர் பலகையைத் தூக்கினாள். ரகசியம் சொல்வது போல ஒரே வரி பாடினாள்: "கவுண்டர் திறந்தாச்சு."

கப்பல் டிக்கெட்டுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்று பழகிய தீவு உடம்புக்கு அது போதும். முன்வரிசையில் இருந்த ஜவுளிக்கடை அப்துல் வஹாப் எழுந்து மேடையை நோக்கி நடந்தார். பின்னாலேயே அவர் மனைவி ஜன்னத் பீவி. நாற்காலிகள் கடகடவென்று நகர்ந்தன.

"பாய், லைன்ல வாங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் அப்பவே இங்கதான நின்னேன்."

முருகானந்தத்துக்குச் சுயநினைவு வந்தபோது கையில் பென்சில் இல்லை. டிக்கெட் வாங்கக் காட்டும் ஆதார் அட்டை இருந்தது. அவர் பன்னிரண்டாவது ஆள். சுகுணாவோ கொஞ்சமும் அசரவில்லை. தாளம் தப்பாமல் ஒவ்வொருவரிடமும் ஊர் கேட்டு, பெயர் சொல்லி, பாடிக்கொண்டே திருப்பி அனுப்பினாள். அவர் முறை வந்தது.

"கட்சாலுக்கு ஒண்ணு," என்றார், ஏனென்று தெரியாமலே.

"ஃபுல்லு," என்று பாடினாள். அடுத்த கப்பல் எப்போது என்று அவர் நிஜமாகவே கேட்டார்.

வீட்டில் தாளை விரித்தார். வெற்றுத்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டு எழுதினார்: "குறை குறிக்க வேண்டிய நேரத்தில் நான் ஆதார் அட்டையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். மேடையில் இருப்பது நாடகம் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. இப்படிச் செய்ய வைத்தது சுகுணா. எனக்கு இன்னும் டிக்கெட் கிடைக்கவில்லை."

சென்னையிலிருந்து மூன்று வாரத்தில் பதில் வந்தது: நேரில் வரவும். நிஜக் கவுண்டரில் அவளுக்காக வரிசையில் நின்று முருகானந்தமே டிக்கெட் வாங்கினார். கப்பல் புறப்படும் நாளில் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"பெட்டி ரெண்டு. ஆள் ஒண்ணு. சேதம் இல்லை."

"மாமா, இது பாராட்டா?"

"பதினெட்டு வருஷத்துல புரியும். போ."