பச்சை வட்டம்

விடிவதற்கு முன்பே சலவை ஆலையில் ஆவி கிளம்பிவிடும். ஆஸ்பத்திரிகளிலிருந்து லாரியில் வந்து குவியும் படுக்கை விரிப்புகளை, மூக்கைப் பொத்திக்கொள்ளக்கூட நேரமில்லாமல் பிரித்துப் போட வேண்டும். இரத்தம் பட்டது ஒரு பக்கம், மருந்து பட்டது ஒரு பக்கம். பிரித்ததெல்லாம் தொட்டியில் வெளுப்பு மருந்தோடு புரண்டு, பிழியப்பட்டு, கல்லாய்க் கனத்துத் திரும்பி வரும். அதை உதறி விரித்து உருளைக்குக் கொடுக்க வேண்டும். உருளை என்பது ஆள் உயர இயந்திரம். கொதிக்கும் இரும்பு உருளைகள் இரண்டு ஈர விரிப்பை உள்ளே இழுத்து, அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் காயவைத்துத் தள்ளும். துணி எது, விரல் எது என்று அதற்குத் தெரியாது.

விரலைக் காப்பாற்ற முன்னால் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். நின்றால் மறுபடி சூடேற நேரமாகும், லாரி காத்துக் கிடக்கும், சூப்பர்வைசர் குதிப்பார். அதனால் அந்தக் கம்பியைக் கிழிந்த துணியால் இழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள்.

அன்று காலை உருளைக்கு முன் நின்றவள் போன்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆலையில் யார் போனில் எது மக்கர் செய்தாலும் அவளிடம்தான் நீட்டுவார்கள், அதனால் வந்த பெயர் இது. விரிப்பின் ஓரத்தை உள்ளே கொடுத்ததும் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். முந்தாநாள் இதே இடத்தில்தான் அவள் அண்ணியின் வலது கை உள்ளே போனது.

சில மாதங்களுக்கு முன் முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். வேலை தெரிந்தவர்களுக்கு அதற்கொரு அடையாளம் வேண்டாமா, இனி ஒவ்வொரு வேலைக்கும் டிஜிட்டல் பேட்ஜ் உண்டு என்றார். போனிலேயே பாடம், போனிலேயே பரீட்சை. தேறினால் போனில் ஒரு பச்சை வட்டம் வரும். இயந்திரத்தின் திரையில் அதைக் காட்டினால்தான் அங்கே நிற்க முடியும். தொழிலாளிகள் அதைச் சுருக்கிப் 'பச்சை' என்றார்கள்.

பேட்ஜ் மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். துணி பிரிக்கும் வேலைக்கு அண்ணி சொந்தமாகப் பரீட்சை எழுதிப் பச்சை வாங்கினாள். "எனக்கும் ஒண்ணு தெரியும்னு ஒத்துக்கிட்டாங்க, பாருங்க!" என்று வீடு முழுக்கக் காட்டித் தீர்த்தாள். பள்ளிக்கூடம் தராததை அது அவளுக்குத் தந்தது. உருளை வேலைக்கும் அப்படியே நடந்திருக்கலாம். மாலையில் தொழிலாளிகளுக்குப் பாடம் நடத்தும் பயிற்சிக் கூடத்து டீச்சர், உருளையைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் தொட்டுக் காட்டிச் சொல்லித் தருகிறேன் என்று நேரிலேயே வந்து கேட்டார். "அதெல்லாம் போன்லயே இருக்கேம்மா" என்று முதலாளி அனுப்பிவிட்டார். சூப்பர்வைசர் தன் பங்குக்கு, "வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லார்கிட்டயும் உருளைப் பச்சை இருக்கணும். எப்படியோ முடிங்க. இல்லாதவங்க வீட்டுலயே இருங்க" என்றார். எப்படியோ என்றால் எப்படி என்று அவருக்குத் தெரியாதா என்ன?

அந்த வாரம் அண்ணியின் குழந்தைக்கு நல்ல காய்ச்சல். அவள் போனை நாத்தனாரிடம் நீட்டினாள். போன்காரி அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டே மறு கையால் பரீட்சையை முடித்தாள். துணி சிக்கினால் முதலில் என்ன செய்வீர்கள்? சிவப்புப் பொத்தானை அழுத்துவேன். சரி. முழு மதிப்பெண். அந்தக் கேள்வியை அண்ணி கண்ணால்கூடப் பார்க்கவில்லை. முந்தாநாள் துணி சிக்கியபோது, வீட்டில் கொடியில் மாட்டிய புடவையை இழுப்பது போல அவள் கையால் இழுத்தாள்.

மாலையில் வீடு திரும்பியதும் போன்காரி அண்ணிக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கை அண்ணியின் மடியில் பாரமாகக் கிடந்தது. அண்ணனுக்கு வேலை போய் நாளாகிவிட்டது. இந்த இரண்டு பெண்களின் உழைப்பில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் அண்ணி. "எனக்கு வேலை தெரியும், என் அஜாக்கிரதையாலதான் அடிபட்டுச்சுன்னு கையெழுத்துப் போடணுமாம்."

"எந்தக் கையால?"

"இடது கை ரேகை போதுமாம். பெரிய மனசு."

"போடாதீங்க அண்ணி. போட்டா வைத்தியச் செலவையும் அவங்க பார்க்க மாட்டாங்க, வேலையும் போயிடும்."

"போடலைன்னா எனக்கு வேலை தெரியாதுன்னு சொல்லணும். தெரியாதவளுக்குப் பச்சை எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. உன்னையும் சேர்த்துத் துரத்துவாங்க. ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்தா அடுப்பு எரியுமா? என் கை போனது போனதுதான். நீயாவது அங்க நில்லு."

சீப்பு பாதியில் நின்றுவிட்டது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது போன்காரிக்கு. என்னைக் காப்பாற்ற இவள் இன்னொரு முறை கையை உள்ளே விடப் போகிறாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறேன் என்று நினைத்தாள்.

"என்னை நாலு வார்த்தை திட்டுங்க அண்ணி."

"எதுக்கு? போனை நீட்டினது நான்தானே? பேசாம சிக்கை எடு. வலிக்குது."

மறுநாள் உருளை சூடேறும்வரை எல்லோரும் வழக்கம்போல் டீ டம்ளரோடு கொதிகலன் அறை வாசலில் நின்றார்கள். போன்காரி டீயைத் தொடவில்லை.

"அண்ணிக்குப் பரீட்சை எழுதினது நான்தான்" என்றாள். "அவங்க கையைக் கெடுத்தவ நான். இன்னைக்கு முதலாளிகிட்ட சொல்லிடப் போறேன். உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

கொதிகலன்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு எழுதினது என் மருமக. நான் பாஸாயிட்டேன்னு எனக்கே இனிப்பு குடுத்தா."

சிலர் சிரித்துவிட்டார்கள். துணி உதறுகிற பெண் ஒருத்தி போன்காரியைப் பார்த்து, "எனக்கும் நீதானே எழுதினே? மறந்துட்டியா?" என்றாள். சிரிப்பு அதோடு நின்றது. போன்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது. அது அவளுக்கு உண்மையிலேயே மறந்து போயிருந்தது.

உருளைக்கு அந்தப் பக்கம் நின்று காய்ந்த விரிப்பை வாங்கி மடிக்கிறவர் மடிப்புக்காரர். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் உக்காந்து படிச்சுப் பாஸானவன். நீங்க பண்ணின தில்லுமுல்லுக்கு என் பச்சையையும் சேர்த்துப் பிடுங்குவாங்க. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க!"

"நீங்க சொல்றது நியாயம்தான் அண்ணே" என்றாள் போன்காரி.

அந்தப் பதில் அவரைத் தடுமாற வைத்தது. டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கம்பியைக் கட்டினவன் நான். கம்பியைக் கட்டலாமான்னு பரீட்சையில கேட்டிருந்தது. கூடவே கூடாதுன்னு போட்டேன். சரியான பதில். மறுநாள் சூப்பர்வைசர் கட்டுன்னார், கட்டிட்டேன். அதைக் கட்டாம இருந்திருந்தா அவ கை தப்பிச்சிருக்கும்."

இப்படி ஆளாளுக்குக் குற்றத்தில் ஒரு பங்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். பங்கு கேட்டு வராதவர்கள் முதலாளியும் சூப்பர்வைசரும் மட்டும்தான். கொதிகலன்காரர் அதை விடவில்லை.

"நாம தப்பு பண்ணினோம், இல்லைங்கலை. சொல்லிக் குடுக்கிறேன்னு டீச்சர் வந்தப்ப திருப்பி அனுப்பினது யாரு? எப்படியோ முடின்னது யாரு? அந்தப் பங்கையும் நாமளே சுமக்கணுமா?"

சூடேறிய உருளை காத்திருந்தது. திரை பச்சையைக் காட்டச் சொல்லி மின்னி மின்னி அணைந்தது. யாரும் போனை எடுக்கவில்லை. மடிப்புக்காரர் போய்க் கம்பியைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கீழே போட்டார். ஈர விரிப்புகள் கூடையில் அப்படியே இருந்தன. சூப்பர்வைசர் கத்திப் பார்த்துவிட்டு ஓடிப்போய் முதலாளியைக் கூட்டி வந்தார்.

"என்ன தமாஷ் இது? ஆஸ்பத்திரி லாரி வாசல்ல நிக்குது."

"எங்களுக்கு இந்த மெஷின் தெரியாது சார்" என்றாள் போன்காரி.

"பேட்ஜ் இருக்கே?"

"பேட்ஜ் இருக்கு சார். வேலைதான் தெரியாது. நிறுத்தி வெச்சு டீச்சரைக் கூப்பிட்டுச் சொல்லிக் குடுங்க. அண்ணிகிட்ட கையெழுத்து வாங்காதீங்க. அவங்க வைத்தியச் செலவைக் கம்பெனி பார்க்கணும். அவங்களுக்குப் பரீட்சை எழுதினது நான்."

"அப்போ ஏமாத்தினேன்னு ஒத்துக்கிறே? உனக்கு இங்க வேலை இல்லை, வெளியே போ."

அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கொதிகலன்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "என்னையும் அனுப்புங்க. எனக்கு எழுதினது என் மருமக." துணி உதறுகிறவள் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள்.

முதலாளி மடிப்புக்காரரைப் பார்த்தார். குரல் இறங்கியது. "நீ ஒழுங்காப் படிச்சுத் தேறினவனாச்சே. உனக்குத் தெரியுமில்ல? நீ ஓட்டுப்பா."

"தெரியும் சார். தெரிஞ்சதாலதான் ஓட்ட மாட்டேங்கிறேன்."

அப்போதுதான் அண்ணி உள்ளே வந்தாள். கையெழுத்துக்காகத் துவைத்த புடவை கட்டி, கையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். நின்றுபோன உருளையையும் கூட்டத்தையும் பார்த்து விழித்தாள். முதலாளிக்கு அவள் வந்தது நல்லதாகப் போயிற்று.

"நீயே சொல்லும்மா, எல்லாரும் கேக்கட்டும். உனக்கு உருளை வேலை தெரியுமா, தெரியாதா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பதில் அவள் உதட்டில் இருந்தது. போன்காரி குறுக்கே வந்தாள். "சொல்லிட்டேன் அண்ணி. நான் எழுதினதைச் சொல்லிட்டேன், வேலையும் போயிடுச்சு. இனிமே என்னைக் காப்பாத்த வேண்டாம்."

"அடிப்பாவி" என்றாள் அண்ணி மெதுவாக. அவள் கண் நிறைந்துவிட்டது. வேலை போனவளைப் பார்த்தாள், அவள் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு முதலாளியிடம் திரும்பினாள்.

"தெரியாது சார். யாரும் சொல்லிக் குடுக்கலை."

முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனார். யாரைக் கூப்பிடுகிறார், போலீஸையா, வேறு ஆட்களையா, டீச்சரையா என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரியாது. துணி உதறுகிறவள் ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அண்ணியை உட்கார வைத்தாள். போன்காரி அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். அந்தக் கையைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் மனசு அறுத்தது, அது எப்போது தீருமோ. மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து இருவரையும் சுற்றி உட்கார்ந்தார்கள். வாசலில் லாரி ஹாரன் அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.