பதினாலு நாள் கூடை

கிண்ணியாவில் பஸ்மியாவின் கோழிக்கூட்டுக்குள் செருப்போடு நுழைந்தவர் ஒருவரும் இல்லை. நுழைய விட்டால்தானே! வாசலில் சுண்ணாம்புத் தூள் கொட்டி வைத்திருப்பாள். அதில் காலை வைத்துவிட்டுத்தான் அவளே உள்ளே போவாள். காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவாள், ஈரப்பட்ட மரத்தூளை அன்றன்றே அள்ளிக் கொட்டுவாள். ஒரு கோழியின் எச்சம் நிறம் மாறினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் குடியிருந்த ஒழுங்கையின் பெண்கள் அவளுக்கு வைத்த பட்டம் 'டாக்குத்தர்'. கேலிதான். ஆனால் தங்கள் கோழி தூங்கி விழுந்தால் ஓடி வருவதும் அவளிடம்தான்.

எட்டுக் குஞ்சில் தொடங்கி முப்பத்தொரு கோழியாக்கியிருந்தாள். புருஷன் றுவைஸ் கடலுக்குப் போகாத நாட்களில் வீட்டில் அடுப்பெரிந்தது அந்த முட்டைகளால்தான்.

அவளுடைய சட்டங்களில் பெரிய சட்டம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் எந்தக் கோழியும் பதினாலு நாள் வளவு மூலையில் தனிக்கூடைக்குள் கிடக்க வேண்டும். நோய், வருத்தம் ஏதும் கொண்டு வந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா, ஆசையாகத் தந்த பேட்டுக்கோழியே அப்படித்தான் கிடந்தது. ராத்தா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்தாள் பஸ்மியா.

மாமியிடம் அப்படி இருக்க முடியவில்லை.

கந்தளாயிலிருந்து றுவைஸின் உம்மா சுஹைரா வந்து இறங்கினாள், கையில் கால் கட்டிய சிவப்புச் சேவல். வீடு பஸ்மியாவுக்குச் சீதனமாக வந்தது. அந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்வீட்டில்தான் குடியிருப்பான். அவனைப் பெற்றவள் அங்கே விருந்தாளி. அவள் முகம் கோணினால் போதும், வீட்டுக்காரி என்ற திமிர் மருமகளுக்கு என்று ஊர் சொல்லிவிடும்.

பஸ்மியா வழக்கம்போலக் கூடையை எடுத்தாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மாமி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ட ஊட்டுச் சேவலுக்கு உங்கட கூட்டுல இடமில்லையா மகள்?"

அவ்வளவுதான் கேட்டாள். றுவைஸ் நிலத்தைப் பார்த்தான். கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போட வேண்டிய தவணை தாண்டியிருந்தது. மிருக வைத்தியர் அடுத்த கிழமைதான் வருவதாக இருந்தது. இதெல்லாம் பஸ்மியாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, பாழாய்ப்போன மரியாதைக்காக, கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கூட்டுக் கதவைத் தன் கையாலேயே திறந்தாள். மாமி சிரித்தபடி மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

நாலாம் நாள் சேவல் கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்தது. பிறகு மற்றதுகள். பச்சையாகக் கழிந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. வைத்தியர் மருந்துப் பெட்டியோடு வந்தபோது கூட்டில் இரண்டு மிஞ்சியிருந்தன. அதுகளும் கழுத்துக் கோணி, தீனியைத் தவறவிட்டுத் தரையைக் கொத்திக்கொண்டு நின்றன. ஐயோ, அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு அவையும் செத்திருக்கலாம் என்று இருந்தது பஸ்மியாவுக்கு.

றுவைஸ் வளவின் பின்பக்கம் குழி வெட்டினான். பஸ்மியா சுண்ணாம்பைத் தூவினாள். அந்த நேரம் பார்த்து, கந்தளாய்க்குத் திரும்பிப் போயிருந்த மாமியின் அழைப்பு வந்தது. கையெல்லாம் மண், அதனால் போனை நிலத்தில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். சேவலும் செத்துவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அதுவும் போச்சா? எங்கட ஊட்டுக் கோழியெல்லாம் இப்பிடித்தான் மகன் விழுந்து விழுந்து செத்தது. இது ஒண்டாவது பொழைக்கட்டும், மருமகள் கோழி பார்க்கிறதுல கெட்டிக்காரி எண்டுதான் உங்கட ஊட்ட கொண்டுவந்தனான்."

பஸ்மியாவின் கையிலிருந்த சுண்ணாம்பு விரலிடுக்கால் கொட்டியது. றுவைஸ் அவசரமாகப் போனை அணைத்தான்.

"உம்மாக்கு இந்த வருத்தத்தப் பத்தித் தெரியாது பஸ்மியா. அவவோட கோபிக்காத."

"அவக்குத் தெரியாது," என்றாள் அவள். "எனக்குத் தெரியும்தானே."

மண்வெட்டியை அவன் கையிலிருந்து வாங்கி, மிச்ச மண்ணை அவளே தள்ளினாள்.