சாவியைக் கொடுத்தவர்

ஜன்னத் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் சில மாதங்கள் வீட்டோடு இருந்து, வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் துக்கம் காக்கும் காலம் அது. அது தெரிந்துதான் மீன் கம்பெனி மேனேஜர் சிவக்குமார் இப்போதே வந்திருந்தார். முன்னறையில் அவளுடைய அண்ணன் தாவூது மட்டும் இருந்தான். நடுவே ஒரு திரை.

"டிரைவர் நாகராஜ் குடிச்சிட்டு, எங்களைக் கேக்காம வண்டிய எடுத்துட்டுப் போயி உங்க மச்சானை இடிச்சிட்டான் பாய். கம்பெனிக்குச் சம்பந்தமே இல்ல. இருந்தாலும் மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்குல்ல? இந்தப் பணத்த வச்சுக்கிட்டு, கேக்காம எடுத்தான்னு தங்கச்சிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுங்க."

தாவூது பேனாவைத் திரைப் பக்கம் நீட்டினான். "பிள்ளைங்க படிப்பு இருக்கும்மா." அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை.

உள்ளே ஜன்னத்தின் பக்கத்தில் பூங்கொடி உட்கார்ந்திருந்தாள். நாகராஜின் மனைவி. கருக்களாச்சேரியிலிருந்து வந்து அதே கம்பெனியில் இறால் உரிக்கிறவள். ஜன்னத்தின் கணவன் ஆபித்தை அடக்கம் செய்த மறுநாள் கொல்லை வாசலில் வந்து நின்றாள். விரட்டச் சொன்னார்கள் உறவுப் பெண்கள். "வெயில்ல நிக்காதே, உள்ள வா" என்றாள் ஜன்னத். அந்த ஒரு சொல்லுக்காகவே தினமும் வருகிறாள்; காயும் மருந்தும் வாங்கித் தருகிறாள். ஒருநாள் அழுதபடியே நடந்ததையும் சொல்லிவிட்டாள்.

ஜன்னத் பேனாவைத் தொடவில்லை. "சார், சாவிய யாரு கொடுத்தா?"

திரைக்குள்ளிருந்து வந்த குரலில் சிவக்குமார் திடுக்கிட்டார். "அவனா எடுத்துக்கிட்டான்மா."

"வெளியூர் வியாபாரிங்களுக்கு விருந்து வச்சீங்க. டிரைவருக்கும் ஊத்திக் கொடுத்தீங்க. அப்புறம் அவங்களக் கொண்டுபோயி விட்டுட்டு வான்னு அனுப்பினீங்க."

"குடிகாரன் சொல்றதெல்லாம் சாட்சியாம்மா?"

"குடிகாரன் சொல்லல சார், நான் சொல்றேன்." திரையின் ஓரமாகப் பூங்கொடி வெளியே வந்தாள். "'குடிச்சிருக்கேன், எப்படி ஓட்டுறது'ன்னு அவரு எனக்குப் போன் பண்ணுனாரு. 'ஒண்ணும் ஆகாது, எடுடா வண்டிய'ன்னு பக்கத்துல கத்துனது உங்க குரலு. கோர்ட்டுல சொல்லுவேன்."

"சொன்னா உன் புருஷன் தப்பிச்சிருவானா?"

"அவரு ஏன் தப்பிக்கணும்? குடிச்சாரு, ஓட்டுனாரு, உள்ள கெடக்கட்டும். அனுப்புன கம்பெனி மட்டும் கையக் கழுவிக்குமா?"

"நாளையிலேருந்து வேலைக்கு வராத."

"இன்னிக்கே வரலியே சார்!"

தாவூது சிரித்துவிட்டான். பேனாவை மூடித் தன் பையில் செருகிக்கொண்டு, தாளை மடித்து அவரிடமே கொடுத்தான்.

"தர்மமா வேணாம் சார்" என்றாள் ஜன்னத். "தப்பு எங்களுதுன்னு சொல்லிக் கொடுங்க, வாங்கிக்கிறேன். இத்தா முடியட்டும், கோர்ட்டுக்கு நானே வர்றேன். அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கணும்னு அல்லாஹ் சொல்லல." பிறகு அண்ணனிடம் சொன்னாள்: "நானா, அவருக்கு டீ கொடுங்க, வீடு தேடி வந்தவரு."

சிவக்குமார் டீயைத் தொடாமல் போனார். பூங்கொடி அந்தக் கிளாஸை உள்ளே எடுத்து வந்தாள். இனி அவள் வீட்டுக்குச் சம்பளம் இல்லை. ஜன்னத் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வேலைதான் போயிடுச்சே, நாளைக்குக் காலையிலேயே வந்துடு. ரெண்டு வீட்டுக்கும் சேத்தே சோறாக்கிடுவோம்."