கூட்டிச் சொன்ன இருமல்

சமுத்திரத்துக்கு ஆஸ்பத்திரி வித்தை ஒன்று தெரியும். நோயைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் சீக்கிரம் உள்ளே விடுவார்கள். லேசான தலைசுற்றலை மயக்கம் என்பான், சாதாரணக் காய்ச்சலை விஷக்காய்ச்சல் என்பான். ராஜபாளையத்து நூல் மில்லில் பதினெட்டு வருஷம் பொறுமையாக வேலை பார்த்தவனுக்கு, வரிசையில் நிற்பது மட்டும் ஆகாது.

அன்றைக்கு அந்த வித்தைக்குத் தேவையே இல்லை. மனைவி கனகலட்சுமிக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. இரண்டு சிறுநீரகமும் போனவள். வாரம் இரண்டு முறை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். கொரோனா வந்த முதல் வருஷம் அது. செட்டியார்பட்டியில் அவர்கள் தெருவில் ஒருவருக்குத் தொற்று என்று இரண்டு பக்கமும் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்குவதற்குள் இரண்டு முறை தவறிப்போனது. உடம்பெல்லாம் நீர் கோத்து, கண் இமை வரைக்கும் வீங்கியிருந்தாள்.

ஆட்டோ நின்றதும் சமுத்திரம் ஓடினான். ஆஸ்பத்திரி வாசலில் மேஜை போட்டு, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய நர்ஸ் ஒருத்தி விவரம் எழுதிக்கொண்டிருந்தாள். மூச்சே விட முடியவில்லை, உடனே மிஷினில் போடுங்கள் என்றான். வழக்கம்போல இருமலையும் ஒன்று சேர்த்துக்கொண்டான். இருமல் அவளுக்கு இல்லவே இல்லை. பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா?

மூச்சுத்திணறல், இருமல் என்று எழுதிவிட்டு நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். இரண்டும் இருந்தால் பரிசோதனை முடிவு வராமல் உள்ளே விடக்கூடாதாம். முடிவு வர மூன்று நாள் ஆகுமாம். அதுவரை கொரோனா வார்டில் இருக்க வேண்டுமாம். அங்கே டயாலிசிஸ் மிஷின் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள்.

குரலை வைத்துத்தான் அது ஜாஸ்மின் என்று தெரிந்தது. மூன்று வருஷமாகக் கனகலட்சுமிக்கு ஊசி குத்துகிற பிள்ளை.

"இருமல் பொய்யி தாயி. நாந்தான் கூட்டிச் சொன்னேன். தண்ணி கோத்து வாங்குத மூச்சு இது, ஒனக்குத் தெரியாதா?"

"தெரியுதுண்ணே. உள்ள மிஷின்ல பன்னெண்டு பேரு படுத்திருக்காவ, அவியளுக்கு ஒட்டிக்கிட்டா? எழுதியாச்சு, நான் என்ன செய்ய?"

அவளைத் திட்டக்கூட அவனுக்கு வழியில்லை. தன் நாக்கைத்தான் பிடுங்கிப் போட வேண்டும்போல இருந்தது.

எல்லாவற்றையும் ஆட்டோவுக்குள் இருந்து கேட்ட கனகலட்சுமி, கம்பியைப் பிடித்து இறங்கினாள். தாங்க வந்த புருஷனின் கையைத் தட்டிவிட்டாள். சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு மேஜை வரைக்கும் தானே நடந்தாள்.

"ஜாஸ்மினு, எனக்கு" என்று சொல்லி நின்றாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு" என்றாள். மறுபடியும் நின்று, வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். "நல்லாத்தான்."

மிச்சத்துக்குக் காற்றுப் பத்தவில்லை. ஜாஸ்மின் குனிந்தபடியே கொரோனா வார்டுக்கான சீட்டை நீட்டினாள். சமுத்திரம் அதை வாங்கிக்கொண்டான்.