பம்புக்குச் செருப்பு

நாகராஜுக்கு அந்தச் சத்தம் கேட்கவே கேட்காது. தகராறே அதுதான்.

பல வருடமாக விசைப்படகு இன்ஜின்களுக்குள் தலையைக் கொடுத்து வேலை பார்க்கிற மெக்கானிக் அவர். துறைமுகத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் தீப்பெட்டி கேட்டால்கூட நடுக்கடலில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்டவர், நெல்லித்தோப்பு வீட்டுக் கூடத்தில் மீன் தொட்டி வைத்திருந்தார். தொட்டிக்குக் கீழே மரத் தாங்கி. அதற்குள் வடிகட்டி டப்பா. பக்கத்தில், தண்ணீரை மேலே தள்ளிவிடும் பம்பு. அது பகலெல்லாம் ‘ஙொய்ய்’ என்று இழுத்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவி துர்காவுக்குக் கேட்கும். அவள் நர்ஸ். இரவு டியூட்டி முடித்துக் காலையில் வந்து படுப்பாள். கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தொட்டி.

“ஏங்க, மண்டைக்குள்ள எவனோ டிரில்லு போடறான். ஞாயித்துக்கிழம எங்க அண்ணன் குட்டியானை வண்டி எடுத்துக்கினு வருது. தொட்டி லாஸ்பேட்டைல அது வூட்டுக்குப் போவுது. சொல்லிட்டேன்.”

நாகராஜ் தொட்டியைப் பார்த்தார். தொட்டியில் இருந்தவை இரண்டு ஆஸ்கார் மீன்கள். கண்ணாடியில் விரலை வைத்தால் ஓடிவந்து முட்டும். அந்த வீட்டில் அவர் பேசும்போது காதைப் பொத்திக்கொள்ளாத ஜீவன்கள் அவை மட்டுமே. மச்சான் அரிகிருஷ்ணனோ, மீன் என்றால் மசாலாவை நினைக்கிற ஆள்.

“ரெண்டு நட்டு டைட் வெச்சா அடங்கிடும்” என்றார்.

படகில் எது ஆடினாலும் அவர் கைக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். பம்பைத் தாங்கியோடு போல்ட் போட்டு முடுக்கினார். தொட்டிக்கு ஏறும் பிவிசி குழாய்க்குச் சாணுக்குச் சாண் கிளாம்ப் அடித்துச் சுவரோடு சேர்த்தார். அசைத்துப் பார்த்தார். கோயில் தூண் மாதிரி நின்றது.

மறுநாள் பகலில் துர்கா தலையணையும் கையுமாகக் கூடத்துக்கு வந்தாள்.

“நேத்து வரைக்கும் கொசுவா இருந்துது. இன்னிக்கு மாவு மில்லா ஆயிடுச்சி. என்னா பண்ணி வெச்சீங்க?”

“டைட் வெச்சேன்!”

“கத்தாதீங்க!”

“நான் எங்க கத்தறேன்?” என்று கத்தினார் நாகராஜ்.

காது கைவிட்டால் கண் இருக்கிறதே! ஒரு டம்ளரில் தண்ணீர் நிரப்பிக் கட்டிலின் தலைப்பலகை மேல் வைத்தார். தண்ணீரில் சன்னமாக வட்டங்கள் ஓடின. துர்காவை அதற்குக் காவல் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, கிளாம்புகளைக் கழற்றி, குழாயைச் சுவரில் படாமல் இழுத்துப் பிடித்தார்.

“இப்ப நெளியுதா?”

“நின்னுடுச்சி. நீங்க பேசனா மட்டும் நெளியுது.”

அப்போதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. நடுக்கம் என்னவோ சின்னதுதான். அது எதைத் தொற்றிக்கொள்கிறதோ, அதன் அகலம்தான் சத்தம். வைப்ரேஷனில் போட்ட போனைத் தலையணையில் வைத்தால் முனகும். அதையே எவர்சில்வர் தட்டில் வைத்தால் ஊரைக் கூட்டும். பம்பு வெறும் போன். சுவர்தான் தட்டு. இவர் கிளாம்ப் அடித்து அடித்துப் போனைத் தட்டோடு கட்டிவைத்திருக்கிறார்!

ஆக, இறுக்கக் கூடாது, பிரிக்க வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றினார். பம்பின் வாயருகே விறைத்த குழாயில் ஒரு முழம் அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் வளைகிற ஹோஸை மாட்டினார். இனி பம்பு ஆடினால் ஹோஸ் தானே நெளிந்து அந்த ஆட்டத்தை விழுங்கிக்கொள்ளும். மேலே குழாய்க்குச் சேதி போகாது. குழாய் தாங்கியின் மேல்பலகைக்குள் நுழையும் இடத்தில் சைக்கிள் ட்யூபைச் சுற்றினார். பம்புக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வேண்டுமே? வாசலில் ஒரு ஜோடி ஹவாய் செருப்பு கிடந்தது. அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது.

ஞாயிறன்று அரிகிருஷ்ணன் கயிறும் கையுமாக வந்தபோது, துர்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டியில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

“மாப்ள, தூக்கலாமா?” என்றார் அவர், மெல்லத்தான்.

நாகராஜுக்கு மகிழ்ச்சி நெஞ்சுக்குள் அடங்கவில்லை. “ஸ்ஸ்! துர்கா தூங்குது மச்சான்! பம்பு ஓடறதே தெரியல பாருங்க! சத்தமே இல்ல!”

சமையலறையில் டம்ளர் ஒன்று கிணுகிணுத்தது. படுக்கையறைக் கதவு திறந்தது. துர்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், கால்களால் எதையோ துழாவினாள். காணவில்லை. திரும்பி வந்து, தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

“மூணு நாளா தேடறேன்... பம்புக்கா போட்டு வெச்சிருக்கீங்க?”

நாகராஜ் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். “அது இருந்தாத்தான் அடங்குது.”

துர்கா ஓடுகிற பம்பைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“தொட்டி இருக்கட்டும்ண்ணே. வண்டி வந்ததுக்கு இவர ஏத்திக்கினு போ.”

அரிகிருஷ்ணன் கயிற்றின் நீளத்தையும் மாப்பிள்ளையின் அகலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.