அத்தான் சுரண்டிய லேபிள்

அக்கா செருப்பு தைப்பவள். கடையில் விற்கும் செருப்பு காலுக்கு ஒத்துவராதவர்களுக்கு மட்டும் தைத்துக் கொடுப்பாள். இருபத்தைந்து வருடத்து அளவுகளும் ஒரே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அன்று காலை அது எழுந்திருக்க மாட்டேன் என்றது.

"என்கிட்டயே செருப்பு தைச்சுக்கற டீச்சரோட வலது கால் மாவுக்கட்டுல இருக்குடி, அளவெடுக்க முடியாது. பழைய செருப்பும் விபத்துல தொலைஞ்சு போச்சு. திங்கக்கிழமை கட்டைப் பிரிச்சதும் என் செருப்பைப் போட்டுத்தான் அவங்க எழுந்து நிக்கணும். அளவு இதுக்குள்ள இருக்கு" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளு. இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றேன். பீற்றல் இல்லை. பழைய மெஷின்களைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. இதை வாங்கிப் பொருத்திக் கொடுத்ததே நான்தான்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே பொட்டுத் தூசு இல்லை. கம்ப்யூட்டருக்குள் தூசு இல்லாவிட்டால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். திரும்பி அத்தானைப் பார்த்தேன். கையில் தூசு துடைக்கும் துணியோடு நின்றார். தூங்கும்போது மட்டும்தான் அதைக் கீழே வைப்பார்.

கோளாறு இரண்டே நிமிடத்தில் பிடிபட்டது. போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி செத்திருந்தது. அதோடு, தன் ஹார்டு டிஸ்க் எப்படிப்பட்டது என்பதையும் மெஷின் மறந்துவிட்டது. புது பேட்டரி போட்டு, டிஸ்கின் மூன்று எண்களைத் தட்டிக் கொடுத்தால் போதும். இப்போதைய மெஷின்கள் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும், இது கேட்டுத்தான் வாங்கும். எண்கள் டிஸ்க் மேல் ஒட்டிய லேபிளில் இருக்கும்.

டிஸ்க் பளபளவென்று இருந்தது. லேபிளைக் காணோம்.

"அத்தான், இங்க ஒரு லேபிள் இருந்துச்சே?"

"ஓரமெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சும்மா. பெயிண்ட் தின்னர் போட்டுச் சுரண்டிட்டேன்."

"முதல்ல உங்களைத் தின்னர் போட்டுச் சுரண்டணும்!"

அவர் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

கத்தி முடித்த பிறகுதான் என் மூளை வேலை செய்தது. மெஷினைப் பொருத்திய அன்று அந்த எண்களை நான் வாசிக்க வாசிக்க அக்காதான் எழுதிக்கொண்டாள். அவள் எந்த அளவையும் காகிதத்தில் எழுதமாட்டாள். தோல் துண்டில் வெள்ளி மையால் எழுதி ஆணியில் மாட்டுவாள். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு அந்தத் துண்டு யாருடைய செருப்பிலாவது குதிகாலுக்கு அடியில் தைபட்டுப் போய்விடும்.

"அக்கா, எல்லார் அளவையும் இதுல ஏத்தின. இதோட அளவை எதுல ஏத்தின?"

அக்கா தன் வேலை மேஜைக்கு ஓடினாள். அந்த மேஜையில் அத்தானின் துணி படக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆணியில் எல்லாத் துண்டுகளுக்கும் அடியில், காய்ந்து விறைத்துப்போய் ஒன்று கிடந்தது. வாடிக்கையாளர் பெயர் எழுதும் இடத்தில் 'கம்ப்யூட்டர்' என்று இருந்தது. கீழே மூன்று எண்கள்.

புது பேட்டரியைப் போட்டு எண்களைத் தட்டினேன். டிஸ்க் கரகரத்தது. திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. டீச்சரின் பெயரைப் பார்த்ததும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஆனால் தொழில்காரி அழக்கூடாது.

அவளே டீச்சருக்கு ஃபோன் போட்டாள்.

"டீச்சர், உங்க கால் என்கிட்ட பத்திரமா இருக்கு. திங்கக்கிழமை நீங்க நடந்தே வீட்டுக்குப் போகலாம்."