கோதண்டபாணி காலால் படித்த தெரு

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அழகுபடுத்தப் போகிறோம் என்று தி. நகரில் எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். (யார் என்று கேட்காதீர்கள். எந்த அலுவலகத்தில் கேட்டாலும் தோண்டியது பக்கத்து அலுவலகம் என்கிறார்கள்.) நான் ஓய்வு பெற்றவன், எனக்கும் பொழுது போக வேண்டாமா? கேலியாக ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

தோண்டத் தோண்ட ஒருநாள் பள்ளத்தின் அடியில் அமெரிக்கா வந்துவிட்டது, அங்கிருந்து கோதண்டபாணியின் மகன் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, சாப்ட்டேளா?" என்று

பாதி வரியிலேயே அடித்துவிட்டேன். அமெரிக்கா வந்தது பொய் என்பதற்காக அல்ல. நிஜமாகவே அங்கே இருக்கிற அந்தப் பையன் அப்படிக் கேட்கிற ரகம் இல்லை.

2

கோதண்டபாணி எதிர் ஃபிளாட்டில் இருக்கிறான். வங்கியில் வேலை பார்த்தவன், சட்டம் என்றால் சட்டம் என்கிற ரகம். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து கரைந்து, இப்போது வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும்தான் தெரியும். சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு பூங்கா வரை நடப்பான். அவனுக்கு இருந்தது ஒரே ஆசை, தனியாக நடக்க வேண்டும்.

"உன் கையப் பிடிச்சுண்டா உன் பேச்சையும்னா சேர்த்துக் கேக்க வேண்டியிருக்கு" என்பான்.

குடியிருப்போர் கூட்டத்துக்கு அனன்யா என்ற இளம் பொறியாளர் வந்தார். புதிய நடைபாதையில் பார்வையற்றவர்கள் காலால் உணர்ந்து நடக்க மஞ்சள் ஓடுகள் பதிக்கப் போவதாகச் சொன்னார். நான் எழுந்தேன். அந்த மஞ்சள் கோடு நேராக மின்சாரப் பெட்டியில் போய் முட்டும், கம்பத்தில் ஏறும், கம்பி வழியாக மெரினாவில் இறங்கி இலங்கைக்குப் போகும் என்றேன். கூட்டம் சிரித்தது. கோதண்டபாணி சிரிக்கவில்லை. மிதித்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் அனன்யா இரண்டு ஓடுகளைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கே வந்துவிட்டார். நீளக் கோடு போட்டது 'நட, கோடு போகிற பக்கம்.' புள்ளி போட்டது 'நில், முன்னால் ஏதோ இருக்கிறது.' அவன் வெறுங்காலால் ஹாலில் பாடம் படித்தான்.

(இந்த இடத்தில் அனன்யாவை லஞ்சம் வாங்குகிறவராக மாற்றிவிட எனக்குக் கை அரித்தது. கதை சூடு பிடிக்கும். ஆனால் அவர் தரையில் உட்கார்ந்து அவன் பாதத்தை நகர்த்தி வைத்ததைப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.)

3

பிறகு என் கதைக்குப் பேரிடி. வேலையை முடித்துவிட்டார்கள்.

மஞ்சள் கோடு மின்சாரப் பெட்டிக்கு முன்னால் மரியாதையாக வளைந்து, மறுபடி நேராகி, பூங்கா வாசல் வரை போனது. கோதண்டபாணி குச்சியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினான். நான் துப்பறிகிறவன் மாதிரி பின்னாலேயே பதுங்கிப் போனேன். நிற்க வேண்டிய இடத்தில் நின்றான், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பினான். பூங்கா வாசலில் கடலைப் பொட்டலம் வாங்கி, வீடு திரும்பியதும் எனக்குக் கொடுத்தான். ஆறிப்போயிருந்தது. நான் குறை சொல்லவில்லை.

அந்த நாட்களில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நகரத்தை நம்பாதவனுக்கு, நகரம் ஒழுங்காக நடந்துகொண்டால் என்ன வேலை?

4

(இந்தப் பகுதியை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை.)

கேபிள் பதிக்க வேறொரு ஒப்பந்தக்காரர் வந்து மறுபடி தோண்டினார். மூடினார்கள். ஓடுகளைத் திரும்பப் பதித்தவர் பாலு என்கிற கொத்தனார். கோடு போட்டது ஒன்று, புள்ளி போட்டது ஒன்று, குறுக்கே கோடு ஒன்று என்று, பார்க்கக் கோலம் போல இருந்தது. அவருக்கே பெருமை.

"நல்லா கீதா சார்? முன்ன ஒரே கோடா வெறிச்சினு இருந்துச்சு. டிசைனு போட்டு வுட்டேன்."

அது எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னதும் முகம் வாடிவிட்டது. ஆனால் அதற்குள் கோதண்டபாணி கிளம்பியிருந்தான்.

பெரிய ஜவுளிக்கடை வாசலில், கூட்டத்துக்கு நடுவே சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தான். பைகள் இடிக்கின்றன, ஆட்கள் திட்டுகிறார்கள். அவன் அசையவில்லை. பாதத்துக்குக் கீழே புள்ளி.

"வாடா, முன்னாடி ஒண்ணும் இல்லை."

"நிக்கச் சொல்றதுடா."

"தப்பாப் போட்டுட்டாங்க கோதண்டா. அதை நம்பாதே."

"நீ எப்பவும் இதைத்தானே சொல்லுவே."

காலால் துழாவி அடுத்த ஓட்டைக் கண்டுபிடித்தான். நீளக் கோடு, சாலையைப் பார்த்து. நடந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆட்டோ ஒன்று அவன் குச்சியைத் தட்டிவிட்டுப் போனது. அவன் என் பக்கம் கையை நீட்டினான்.

நான் சொன்னதுதான் நடந்தது. வாழ்க்கையில் இவ்வளவு மட்டமாக நான் எதிலும் ஜெயித்ததில்லை.

5

அனன்யா மாற்றலாகிப் போய்விட்டார். அந்த நாற்காலியில் இப்போது இருப்பவர், பார்க்கலாம் என்கிறார்.

முடிவு ஒன்று: அனன்யா திரும்பி வருகிறார். ஓடுகள் நேராகின்றன. கோதண்டபாணி உற்சாகத்தில் பூங்காவைத் தாண்டி, மயிலாப்பூரைத் தாண்டி, நொச்சிக்குப்பம் வரை நடந்து, சுத்த சைவன், ஒரு வஞ்சிர மீனுக்குப் பேரம்

முடிவு இரண்டு: அவன் அப்புறம் வெளியே வரவே இல்லை. பால்கனியில் நின்று, தெருச் சத்தத்தைக்

இரண்டையும் பாதியில் விட்டேன். காரணம் இதுதான். நான் எழுதுவதை முதலில் கேட்பவன் கோதண்டபாணி, நான்தான் வாசித்துக் காட்டுவேன். அன்றிலிருந்து அவன் கீழே இறங்கவில்லை. நேற்று கேட்டான்:

"கதையில தெரு சரியாயிடுத்தா?"

"ஏன், கதையைப் போய் நம்பப் போறியா?"

"உன்னை நம்பாம ஒரு தடவை பட்டாச்சே. இனிமே நீ சொல்றதுதான்."

நீங்கள் ஒரு முடிவைப் படித்தால் மனம் கனக்கும், பக்கத்தைத் திருப்புவீர்கள். அவன் அதன் மேல் காலை வைப்பான். முதலாவதை வாசித்தால் நாளைக்கே குச்சியை எடுப்பான். இரண்டாவதை வாசித்தால் இனி எடுக்கவே மாட்டான். கதை அளந்தே காலத்தை ஓட்டியவனுக்கு இப்படி ஒரு வாசகன்.

அதனால் முடிவு எழுத மாட்டேன். தி. நகருக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் ஜவுளிக்கடை வாசலில் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். கோடெல்லாம் ஒரே பக்கம் போகிறதா, சாலையைப் பார்க்கிறதா? பார்த்ததை நீங்களே மாடி ஏறி வந்து அவனிடம் சொல்லிவிடுங்கள். என்னைப்போல் கொஞ்சம் கூட்டிச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவன் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவான்.